செவ்வந்தித் தோட்டத்தில் இலைப்புள்ளி வியாதி

சேலம், தர்மபுரி, திண்டுக்கல் ஜில்லாக்களில் செவ்வந்தியை நம்பிச் சங்கத்தில் கடன் பெறும் அங்கத்தினர் பலர். அவர்கள் பூவைக் கவனிக்கும் அளவிற்கு இலையைக் கவனிப்பதில்லை. செடிக்கு ஆகாரம் தயாராவது இலையிலேயாம். இலை கருகினால் மொட்டுச் சிறுத்துப் பூக் குறையும். கடன் தவணையும் நின்றுபோகும்.

இலைகளைக் கெடுக்கும் வியாதிகளுள் முக்கியமானது செப்டோரியா என்னும் பூசணத்தால் உண்டாவது. தரையை ஒட்டிய இலைகளில் முதலில் சிறு மஞ்சள் புள்ளிகள் தோன்றி, பின்பு பழுப்பாகிக் கருநிறமடையும். புள்ளிகள் ஒன்றுகூடி, இலை முழுதும் கருகி, உதிராமல் தண்டிலேயே தொங்கும். பின்னர் வியாதி மேலே ஏறும். வயதினால் பழுத்த இலையோ சீராக மஞ்சளாகும். அதில் கரும்புள்ளி இராது. இவ்வேற்றுமையை அறியாமல், எரு போதவில்லையென்று மேலும் எரு வாங்கிப் பணத்தை விரயம் செய்வோர் உண்டு.

பூசணத்தின் நுண்வித்துக்கள் பெரும்பாலும் ஜலத்தினாலேயே பரவுகின்றன. மழைத்துளி தெறிக்கையில், தரையில் கிடக்கும் சருகிலுள்ள வித்துக்கள் அடியிலைகளில் ஒட்டிக்கொள்ளும். ஆகையால் ஜலத்தைச் செடியின்மேல் ஊற்றாது வேரில் பாய்ச்சுக. இலை ஈரமாயிருக்கையில் செடிகளுக்குள் நடமாடுதல் கூடாது. விடியற்காலையில் பூப் பறிப்போருக்கு இது சிரமமே. வியாதி கண்ட பாத்தியையாவது கடைசியில் பறிக்கலாம். கருகிய இலைகளைக் கிள்ளி எரித்துவிடுக, எருக்குழியில் இடலாகாது.

மருந்து போர்டோ கலவை. பிரான்சு தேசத்துப் போர்டோவில் திராட்சைத் திருடரை விலக்கப் பாதையோரக் கொடிகளில் துத்தமும் சுண்ணாம்பும் தெளித்திருந்தனர். அக்கொடிகளின் இலைகள் மட்டும் வியாதியின்றி நிற்பதை மில்லார்தே என்னும் பண்டிதர் 1882இல் கண்டார். 1885இல் அதனை வெளியிட்டார். மயில்துத்தம் 1 கிலோவை 50 லிட்டர் ஜலத்திலும், சுட்ட சுண்ணாம்பு 1 கிலோவை வேறு 50 லிட்டரிலும் கரைக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் உதவாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் கலக்கிக்கொண்டே ஊற்றுக. தீட்டிய கத்தியைச் சிறிது நேரம் அமிழ்த்தி எடுக்கையில் செம்பு படிந்திருந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்கவேண்டும். அன்றே, இலையின் இருபுறமும் நனையத் தெளிக்க வேண்டும். கருகிய இலையை இது பிழைப்பிக்காது. நல்ல இலையைக் காக்கும். மொட்டு மலர்ந்தபின் தெளித்தால் பூவில் கறை படியும்.

எல்லாவற்றிலும் பெரிய வழி கன்று. வியாதியுள்ள தாய்ச்செடியின் பக்கக் கன்றை நட்டால் வியாதியையும் கூடவே நட்டதாகும். அயல் தோட்டத்திலிருந்து மலிவாய் வாங்கும் கன்றே பெரும்பாலும் இவ்வாறு வருவது. ஒருவர் மருந்தடித்து, வரப்புக்கு அப்பால் மற்றவர் அடியாதிருந்தாலும் பலன் குறையும். ஆதலால் தெளிப்பான் ஒன்றைச் சங்கப் பொதுவில் வாங்கி, அடுத்தடுத்த தோட்டங்களுக்கு ஒரே வாரத்தில் முறைவைத்து அனுப்பலாம். பூப்பருவம் முடிந்ததும் பஞ்சாயத்தார் கூடி, எந்த அங்கத்தினரின் தோட்டம் சுத்தமாயுள்ளதோ அதிலிருந்தே எல்லோரும் கன்று எடுப்பதென்று தீர்மானித்து, விலையையும் நிர்ணயித்து, நடவடிக்கைப் புஸ்தகத்தில் பதிந்துகொள்க.