அடைப்பு 25 சதவீதம்தான், மாத்திரை எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 46. அப்பாவுக்கு 51 வயதிலேயே மாரடைப்பு வந்ததால், பயந்துபோய்ப் பரிசோதனை செய்துகொண்டேன். டிரெட்மில் நார்மல். சி.டி. ஆஞ்சியோவில் ஒரு குழாயில் 25 சதவீத அடைப்பு. ‘ரத்தம் தாராளமாகப் போகிறது, ஸ்டென்ட் தேவையில்லை’ என்ற டாக்டரே தினமும் ஸ்டாடின் மாத்திரை போடச் சொல்கிறார். எனக்குத் தொந்தரவு எதுவும் இல்லையே, பிறகு எதற்கு மாத்திரை? தம்பிக்கு 39 வயது. அவனும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: ஸ்டென்ட் வேண்டாம், மாத்திரை வேண்டும் என்று உங்கள் டாக்டர் சொன்ன இரண்டுமே சரி. ரத்தம் போகும் வழியை மட்டும் பார்ப்பதால்தான் அவை முரணாகத் தெரிகின்றன. குழாயின் சுவரையும் பார்க்க வேண்டும்.

அந்தச் சுவரின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் தடிமனில் எண்டோதீலியம் என்ற படலம் இருக்கிறது. ரத்தம் வேகமெடுக்கும்போது ஏற்படும் உரசலை உணர்ந்து, அது நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கும். உடனே குழாய் தளர்ந்து விரியும். இதயத்துக்கு இது மிக முக்கியம். ஓய்வாக இருக்கும்போதே இதயத் தசை தனக்கு வரும் ரத்தத்திலிருந்து ஏறக்குறைய 70 சதவீத ஆக்சிஜனை எடுத்துவிடுகிறது. மாடிப்படி ஏறும்போது இன்னும் ஆக்சிஜன் வேண்டுமென்றால், இன்னும் ரத்தம் வந்தாக வேண்டும்.

கொழுப்புப் படியத் தொடங்கும்போதே கெட ஆரம்பிப்பது இந்த விரியும் திறன்தான். எல்.டி.எல். கொழுப்பு படலத்துக்கு அடியில் புகுந்து தங்கிவிடுகிறது. அதை விழுங்க வரும் வெள்ளை அணுக்களால் அங்கே அழற்சி உண்டாகிறது. நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. இந்தத் திறனைச் சோதிக்க, 1986-இல் பாஸ்டன் மருத்துவர்கள் சில நோயாளிகளின் இதயக் குழாய்களுக்குள் அசிடைல்கோலின் என்ற மருந்தைச் செலுத்திப் பார்த்தார்கள். நல்ல குழாய்கள் விரிந்தன. படிவு இருந்தவை சுருங்கின. 20 சதவீதத்துக்கும் குறைவாகவே குறுகியிருந்த குழாய்களில்கூடப் பெரும்பாலானவை சுருங்கின. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள 25 என்பது வழி குறுகிய அளவு. சுவருக்குள் சேர்ந்திருக்கும் படிவின் அளவு அல்ல. படிவு வளரும்போது குழாய் வெளிப்பக்கமாகப் பெருத்து இடம் கொடுக்கிறது. குறுக்குவெட்டுப் பரப்பில் சுமார் 40 சதவீதத்தைப் படிவு பிடிக்கும்வரை வழி பெரிதாகக் குறைவதில்லை என்று 1987-இல் சீமோர் கிளாகோவ் குழுவினர் காட்டினார்கள். டிரெட்மில்லோ பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேற்பட்ட அடைப்பைத்தான் காட்டிக்கொடுக்கும். ஆனால் மாரடைப்பு அதுவரை காத்திருப்பதில்லை. சிறிய படிவின் மேல்மூடி கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்தாலே போதும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுப்பதும் அதே நைட்ரிக் ஆக்சைடுதான்.

ஸ்டாடின் எல்.டி.எல்.லைக் குறைக்கிறது, அழற்சியைத் தணிக்கிறது, படிவின் மூடியை உறுதியாக்குகிறது. படலமும் ஓரளவு தேறுகிறது. அதனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். தசைவலி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மருந்து, வேறு அளவு உண்டு. சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். அந்தப் படலத்தை அதைப்போல் கெடுப்பவை குறைவு. தினசரி நடை, கட்டுக்குள் இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் மாத்திரையோடு சேர்ந்து வேலை செய்பவை. அதற்கு மாற்று அல்ல.

தம்பி எடுத்த எடுப்பில் ஸ்கேனுக்குப் போக வேண்டாம். கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் இந்த மாதமே பார்க்கட்டும். அப்பாவுக்கு 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்திருப்பதால், லிப்போபுரோட்டீன்-ஏ பரிசோதனையையும் ஒருமுறை செய்துகொள்ளட்டும். ஸ்கேன் தேவையா என்பதை அந்த முடிவுகளைப் பார்த்து அவருடைய டாக்டர் சொல்வார்.