நீலக்கல் வாங்குமுன் அறிக்கையைக் கேளுங்கள்

கற்பிட்டியிலோ சிலாபத்திலோ யாராவது நீலக்கல்லுக்கு விலை பேசினால், ஒன்றை மனதில் வையுங்கள்: இந்தக் கரையோரம் இரத்தினக்கல் தோண்டும் பகுதி அல்ல. இரத்தினபுரி, எலஹெர போன்ற இடங்களிலிருந்து பல கை மாறியே கல் இங்கு வருகிறது. ஆகவே விற்பவரின் பேச்சும் கல்லின் நிறமும் மட்டும் போதாது. பால்போல மங்கிய ‘கெவுடா’ கல்லை 1,500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அது நீலமாகலாம். தொழிற்சாலையில் செய்த நீலக்கல்லும் நூறாண்டுக்கு மேலாகச் சந்தையில் உண்டு. அதன் கடினமும் இயற்கைக் கல்லுடையதே என்பதால், கண்ணாடியைக் கீறிக் காட்டுவது எதையும் நிரூபிக்காது. உள்ளிருக்கும் வளைந்த கோடுகள், குமிழிகள் போன்றவற்றை நுணுக்குக்காட்டியில் பார்த்தே ஆய்வாளர் பிரித்தறிவார்.

“தெரிந்தவர்தானே விற்கிறார்” என்று சொல்லலாம். அவரும் நம்பி ஏமாந்திருக்கக்கூடும். “சூடாக்கிய கல் போலியா?” இல்லை, அதுவும் இயற்கைக் கல்தான். ஆனால் அதே தரமுள்ள சூடாக்காத கல்லைவிட விலை குறைய வேண்டும். “சோதனைக்குச் செலவாகுமே” என்றால், அந்தச் செலவுக்கே பெறுமதியில்லாத சிறு கல்லை வெறும் அணிகலனாக எண்ணி, அதற்கேற்ற விலையே கொடுங்கள். பெரிய தொகையென்றால், முற்பணம் கொடுக்குமுன் தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடத்தில் கல்லைக் காட்டுங்கள். கல் இயற்கையானதா, அப்படியானால் சூடாக்கியதா என்பதை அங்கு தரும் அறிக்கையில் பார்த்து, அதிலுள்ள எடையும் அளவும் கையிலுள்ள கல்லோடு பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள். எடை கரட்டில் இருந்தால், ஒரு கரட் 0.2 கிராம் என்று கணக்கிடுங்கள். சோதனைக்கு விற்பவர் இணங்காவிட்டால், எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.