ஒருவருக்கு வரும் முடிவு, வீடு முழுவதும் வரும் பயம்

“குடும்பத்தில் ரெண்டு பேருக்கு கேன்சர் வந்துடுச்சு. இனி எல்லாருக்கும் வரும்.”

புற்றுநோய்களில் ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதமே பரம்பரை மரபணுப் பழுதால் உண்டாகிறது. தாய்க்கோ தகப்பனுக்கோ பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களில் ஒன்று பழுதாகியிருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு. பிஆர்சிஏ1 பழுதுள்ள பெண்ணுக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 60 சதவீதத்துக்கும் மேல். பெரிய எண்தான், ஆனாலும் எல்லாருக்கும் வந்தே தீரும் என்பதில்லை.

“அம்மா வழியில் யாருக்கும் இல்லை, தப்பித்தோம்.”

அப்பா வழியிலும் வரும். அத்தைமாருக்கும் அப்பாவைப் பெற்ற பாட்டிக்கும் என்ன நோய் இருந்தது என்று கேளுங்கள்.

“மரபணு டெஸ்ட் முடிவு வந்தால் போதும், கவுன்சலிங் எதற்கு?”

என்னை மிகவும் வருத்துவது இந்த நம்பிக்கைதான். ‘நான்தானே பொண்ணுக்குக் கொடுத்துட்டேன்’ என்று தாய் உள்ளுக்குள் குமைகிறாள். பழுது இல்லை என்று தெரிந்த தங்கை, அக்காவுக்கு இருக்கிறதே என்று சந்தோஷப்படவும் கூசுகிறாள். பழுது இருந்தும் நோயே இல்லாத இளம்பெண், புற்றுநோயைத் தடுக்கச் சினைப்பையை எடுக்கும் வயதுக்குள் குழந்தை பெற்றுவிட வேண்டுமே என்று கணக்குப் போடுகிறாள். ‘தைரியமா இரு’ என்பது இவர்கள் யாருக்கும் பதிலாகாது. மரபணு ஆலோசகர் பரிசோதனைக்கு முன்பே மூன்று தலைமுறை நோய் விவரத்தைக் கேட்டு எழுதுகிறார். முடிவு எப்படி வந்தால் என்ன செய்வீர்கள், யாரிடம் சொல்வீர்கள் என்று பேசுகிறார். தெரிந்துகொள்ளவே வேண்டாம் என்பவரையும் மதிக்கிறார். முடிவுக்குப் பின் எழும் பதற்றம் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தணியும். தணியாதவர்களுக்கு உளவியல் நிபுணரின் உதவி வேண்டும். சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில் புற்றுநோய்சார் உளவியல் துறையே இருக்கிறது.

“வெளியே தெரிந்தால் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாது.”

இந்தப் பயத்தை அறியாமை என்று நான் தள்ள மாட்டேன். ஆனால் ஊருக்குச் சொல்வது வேறு, கூடப் பிறந்தவர்களுக்குச் சொல்வது வேறு. ஊருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அக்கா தங்கைகளுக்குத் தெரியாமல் போனாலோ, 25 வயதிலிருந்தே தொடங்கக்கூடிய எம்ஆர்ஐ கண்காணிப்பு அவர்களுக்குக் கிடைக்காது. 35-40 வயதில் சினைப்பையை எடுத்துத் தற்காத்துக்கொள்ளும் வாய்ப்பும் போய்விடும். அண்ணன் தம்பிகளுக்கும் தெரியவேண்டும்: பழுதுள்ள ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோயும், அரிதாக மார்பகப் புற்றுநோயும் வரலாம். நேரில் சொல்ல நா எழவில்லை என்றால், உறவினரிடம் கொடுக்க ஒரு கடிதம் எழுதித் தரும்படி ஆலோசகரிடமே கேட்கலாம்.

“பிள்ளைகளுக்கும் இப்போதே பார்த்துவிடுவோம்.”

பிஆர்சிஏ பரிசோதனை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேண்டாம். 18 வயதுக்குப் பிறகு அவர்களே முடிவெடுக்கட்டும். அதுவரை அவர்கள் கேட்பதற்கு, வயதுக்கேற்றபடி, மறைக்காமல் பதில் சொல்லுங்கள்.