அடுப்பைப் பற்ற வைக்காமல் ஒரு விருந்து!

சித்திரை மாதம். பகல் மூணு மணி. வாசலில் காலிங்பெல் சத்தம். கதவைத் திறந்தால் ஊரிலிருந்து பெரியப்பா, பெரியம்மா, கூடவே ரெண்டு பேரப்பிள்ளைகள். "வாங்க, வாங்க!" என்று வாய் நிறையக் கூப்பிடுகிறீர்கள். மனசுக்குள் வேறு கணக்கு ஓடுகிறது. வாழைக்காய் இருக்கா? கடலை மாவு இருக்கா? எண்ணெய்ச் சட்டியை வைக்கணுமே!

அடுத்த முக்கால் மணி நேரம் நீங்கள் அடுப்படியில் வியர்த்துக் கொட்டிக் கொண்டு நிற்கிறீர்கள். வந்தவர்களோ கூடத்தில் ஃபேனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். பஜ்ஜி, ஜிலேபி, சர்க்கரை போட்ட காபி எல்லாம் வருகிறது. பெரியப்பாவுக்கு நீரிழிவு. பெரியம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு. ஆனாலும் "பிள்ளை ஆசையாச் செஞ்சிருக்கா, வேண்டாம்னா வருத்தப்படுவா" என்று சாப்பிட்டு வைக்கிறார்கள். ராத்திரி நெஞ்செரிச்சல், மறுநாள் தலைசுற்றல். அவர்களுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான்!

"டாக்டர், விருந்தாளி வந்துட்டுப் போனாலே எனக்கு ரெண்டு நாள் உடம்பு சரியில்லாமப் போயிடுது" என்று கோடையில் என்னிடம் சொல்லாத இல்லத்தரசிகள் குறைவு. அவர்களுக்கு நான் மருந்து எழுதுவதற்கு முன்னால் எழுதிக் கொடுப்பது ஒரு காயின் பெயரைத்தான். வெள்ளரிக்காய்.

அடுப்பே இல்லாமல், அரை மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கு நல்லதாக ஒரு மாலைச் சிற்றுண்டி தயார் செய்யலாம். எப்படி என்று பார்ப்போமா?

காயின் குணம்

வெள்ளரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான். 100 கிராம் சாப்பிட்டால் உடம்பில் சேர்வது சுமார் 15 கலோரி. அதனால் நீரிழிவுக்காரர்களும் உடம்பு பருத்தவர்களும் பயமில்லாமல் சாப்பிடலாம். சித்த மருத்துவம் இதைக் குளிர்ச்சியான காய் என்கிறது. பித்தத்தைத் தணிக்கும், சிறுநீரைப் பெருக்கும், வெயில் காலத்து நீர்க்கடுப்புக்கு இதமாக இருக்கும்.

குளிர்ச்சி என்பதால் சளி பிடிக்கும் உடம்புக்காரர்களுக்கு இது அவ்வளவாக ஆகாது. அதற்காகத்தான் நம் பாட்டிமார்கள் மிளகு, சீரகம், இஞ்சி, பெருங்காயம் என்று ஏதாவது ஒன்றை மாற்றாகச் சேர்த்தார்கள். ருசிக்கு ருசி, மருந்துக்கு மருந்து. இந்த மாற்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வாங்கும்போது...

கையால் அழுத்தினால் அமுங்காத, விதை முற்றாத பிஞ்சுக் காயாகப் பாருங்கள். சாம்பாருக்குப் போடும் மஞ்சள் வெள்ளரி இதற்குச் சரிப்படாது. பழுத்து வெடித்து வரும் வெள்ளரிப்பழம் நாட்டுச் சர்க்கரை தூவிச் சாப்பிட அருமையானது. ஆனால் அது வேறு ஜாதி.

காயைக் கழுவியதும் இரண்டு முனையையும் வெட்டி, ஒவ்வொரு காயிலும் ஒரு சின்னத் துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் அந்தக் காயை அப்படியே குப்பையில் போட வேண்டியதுதான். முனையைத் தேய்த்து நுரை எடுத்தால் கசப்புப் போய்விடும் என்பதை நம்பாதீர்கள். அந்தக் கசப்புக்குக் காரணம் குக்கர்பிட்டாசின் என்ற பொருள். வெள்ளரி, சுரை, பூசணிக் குடும்பம் முழுக்க இது உண்டு. அளவு கூடினால் வாந்தி, வயிற்றுப்போக்கு, சில சமயம் அதைவிடப் பெரிய ஆபத்து. 2010-ல் டில்லியில் கசந்த சுரைக்காய்ச் சாறு கலந்த பானத்தைக் குடித்த ஒரு விஞ்ஞானி உயிரையே இழந்தார். "நாலு ரூபா காயாச்சே" என்று பார்க்காதீர்கள்.

முதலில் வெள்ளரி நீர்மோர்

வெயிலில் வந்தவர்களுக்கு முதல் தேவை தண்ணீர்தான். ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணீர் விட்டுக் கடையுங்கள். தோல் சீவித் துருவிய வெள்ளரி கால் கப், தட்டிய இஞ்சி ஒரு சின்னத் துண்டு, கிள்ளிய கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம், அளவாக உப்பு. அஞ்சு நிமிஷ வேலை. மோரை நீர் பெருக்கித்தான் குடிக்க வேண்டும் என்பது தேரையரின் நோயணுகா விதியில் உள்ள விஷயம். ஆகவே தண்ணியாக இருக்கிறதே என்று வெட்கப்பட வேண்டாம்!

அடுத்தது வெள்ளரி வில்லை

மூன்று காய்களைத் தோலோடு, கால் அங்குல கனத்தில் வட்ட வில்லைகளாக நறுக்குங்கள். ரொம்ப மெல்லிசாக நறுக்கினால் கையில் எடுக்கும்போது துவளும். சுத்தமான துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள்.

மேலே வைக்க ஒரு துவையல். தேங்காய்த் துருவல் அரை கப், பொட்டுக்கடலை மூன்று டேபிள்ஸ்பூன், புதினா ஒரு கைப்பிடி, பச்சை மிளகாய் ஒன்று, உப்பு. எல்லாவற்றையும் தண்ணீர் அதிகம் விடாமல் கெட்டியாக அரைத்து, கடைசியில் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். வில்லைக்கு அரை ஸ்பூன் வைத்து, மிளகுத் தூளைத் தூவி உடனே பரிமாறுங்கள்.

விருந்தாளி வருவது முன்கூட்டியே தெரிந்தால் இன்னொரு வழி உண்டு. அரை லிட்டர் கெட்டித் தயிரைத் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து ஃபிரிட்ஜில் நாலு மணி நேரம் வடிய விடுங்கள். வெண்ணெய் மாதிரி திரண்டுவிடும். அதில் உப்பு, சீரகத் தூள், நறுக்கிய கொத்தமல்லி கலந்து வில்லை மேல் வையுங்கள். இந்த வேலையைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். வைக்கும்போதே பாதியைத் தின்றுவிடுவார்கள்!

மூன்றாவது கோசம்பரி

ராமநவமிக்கு நீர்மோர், பானகத்தோடு கொடுப்போமே, அதே வடைப்பருப்புதான். விருந்தாளி செருப்பைக் கழற்றும்போதே அரை கப் பாசிப்பருப்பைக் கழுவி ஊற வைத்துவிடுங்கள். அரை மணி நேரத்தில் நகத்தால் கிள்ளினால் உடையும் பதம் வந்துவிடும். நீரை ஒட்ட வடித்து, பொடியாக நறுக்கிய வெள்ளரி ஒரு கப், தேங்காய்த் துருவல் ரெண்டு ஸ்பூன், பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கிளறுங்கள். கடுகு தாளித்தால்தான் திருப்தி என்பவர்கள் தாளியுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உப்பை மட்டும் தட்டில் வைப்பதற்கு ஒரு நிமிஷம் முன்னால் போடுங்கள். உப்பு பட்டதும் காய்க்குள் இருக்கும் நீரெல்லாம் வெளியே வந்துவிடும். அப்புறம் கோசம்பரி குளத்தில் மிதக்கும்.

வெளிநாட்டு வில்லை

"ஐரோப்பாவிலே வெள்ளரி வில்லை மேல சால்மன் மீனை வச்சுத் தர்றாங்களே, அதைச் செய்யலாமா டாக்டர்?" என்று, பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போய் வந்தவர்கள் கேட்கிறார்கள். வில்லை மேல் கிரீம் சீஸ் தடவி, புகையூட்டிய சால்மன் மீனை மெல்லிய ஏடாக மடித்து வைத்து, ஒரு சொட்டு எலுமிச்சை விடுவார்கள். அங்கே அது விருந்தின் முதல் தட்டு. ருசியானதுதான், மறுக்கவில்லை.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த மீன் பெரும்பாலும் வெந்த மீன் இல்லை. உப்பில் ஊறி, சுமார் முப்பது டிகிரிக்குள் குளிர்ந்த புகை காட்டியது. அதில் லிஸ்டீரியா என்ற கிருமி இருக்க வாய்ப்புண்டு. ஃபிரிட்ஜின் குளிரிலேகூட வளரும் கிருமி அது! அதனால்தான் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கர்ப்பிணிகளுக்கு அதைச் சமைக்காமல் தரக் கூடாது என்கிறார்கள். நாமும் கருவாட்டைச் சமைக்காமலா சாப்பிடுகிறோம்? இன்னொன்று, நம் சந்தையில் 'இந்தியன் சால்மன்' என்று விற்பது காலா மீன். அதற்கும் இதற்கும் பெயரில்தான் உறவு. அதை வாங்கிப் பச்சையாக வைத்துவிடாதீர்கள். குழம்புக்கோ வறுவலுக்கோ ஆகட்டும்.

தீயின் வேலையை யார் செய்வது?

கவனிக்க வேண்டிய முக்கியமான பாடம் இதுதான். கொதிக்கும் குழம்பில் கிருமி செத்துவிடும். சமைக்காத பண்டத்தில் அந்த வேலையைச் செய்ய யாரும் இல்லை. உங்கள் கைதான் செய்ய வேண்டும்.

* சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் காயைத் தொட வேண்டும்.

* தோலைச் சீவுவதாக இருந்தாலும் காயை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவிய பிறகே சீவ வேண்டும். இல்லாவிட்டால் தோலில் உள்ள அழுக்கைக் கத்தியே உள்ளே கொண்டு போய்விடும்.

* மீன், கறி நறுக்கிய பலகையும் கத்தியும் இதற்கு வேண்டாம்.

* பருப்பு ஊற வைக்கவும் மோர் கலக்கவும் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரே நல்லது.

* நறுக்கி ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் அதற்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. மிச்சத்தை "நாளைக்கு ஆகும்" என்று எடுத்து வைக்க வேண்டாம்.

யாருக்கு எப்படி?

ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு உப்புப் போடாத பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். எலுமிச்சையும் மிளகுமே ருசியைக் கொடுத்துவிடும். நீரிழிவுக்காரர்களுக்கு இந்த மூன்றுமே ஏற்றது, பானகம் மட்டும் வேண்டாம். சிறுநீரகக் கோளாறுக்காக டாக்டர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால், நீர்மோரும் வெள்ளரியும் அந்தக் கணக்கில் சேரும். ஆஸ்துமா, சளித்தொல்லை உள்ளவர்கள் பகலில் மிளகு சேர்த்துக் கொஞ்சமாகச் சாப்பிடலாம், ராத்திரியில் தவிர்க்கட்டும். ஜீரணம் மந்தமானவர்களுக்கு ஊறிய பருப்பு ரெண்டு ஸ்பூனோடு போதும். கர்ப்பிணிகளுக்கு முளைகட்டிய பயறைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள், வேக வைத்தே கொடுங்கள்.

முக்கியமாக, பரிமாறும் முன்பே "பெரியப்பா, உங்களுக்கு சர்க்கரை இருக்கில்லே? பெரியம்மா, உப்பு குறைச்சலாப் போடட்டுமா?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். அவர்களாக வாய் திறந்து சொல்லக் கூச்சப்படுவார்கள். கேட்டுவிட்டால் அவர்களுக்கு நிம்மதி, ராத்திரி நல்ல தூக்கம்.

பஜ்ஜி போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மார்கழிக் குளிரில் தாராளமாகப் போடுங்கள், எனக்கும் ரெண்டு எடுத்து வையுங்கள். ஆனால் வெயில் முடிகிற வரைக்கும் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, நீங்களும் ஒரு தம்ளர் மோரோடு கூடத்துக்கு வந்து உட்காருங்கள். அத்தனை தூரம் பஸ் ஏறி வந்தவர்கள் உங்களைப் பார்க்கத்தானே வந்திருக்கிறார்கள்!