9 வோல்ட்டின் பங்கீடு

மின்தடையாக்கியிலும் மின்தேக்கியிலும் மின்னழுத்தம் எவ்வாறு அமைகிறது என்பதைச் சூத்திரமாக மனனம் செய்வதைவிட, 9 வோல்ட் பேட்டரி, 10 கிலோ ஓம் மின்தடையாக்கி, 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஆகியவற்றைத் தொடராக இணைத்து மல்டிமீட்டரால் அளந்து பார்ப்பதே பயில்வோருக்குத் தெளிவு தரும்.

மின்தடையாக்கியின் மின்னழுத்தம் அந்தக் கணத்தில் அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. மின்தேக்கியின் மின்னழுத்தமோ அதுவரை அதில் சேர்ந்துள்ள மின்னூட்டத்தைப் பொறுத்தது என்பதால், ஒரே தாவலில் உயர்வதில்லை. ஆகவே சுவிட்சைப் போட்டதும் 9 வோல்ட் முழுவதும் மின்தடையாக்கியின் முனைகளுக்கிடையே நிற்க, மின்தேக்கி சுழியிலிருந்து மெல்ல ஏறத் தொடங்குகிறது. மின்தடையையும் மின்தேக்குத்திறனையும் பெருக்கினால் கிடைக்கும் நேரம் காலமாறிலி எனப்படும். இச்சுற்றில் அது 10 வினாடி. அந்நேரம் கழிகையில் மின்தேக்கி 63 விழுக்காட்டை, அதாவது ஏறத்தாழ 5.7 வோல்ட்டை எட்டியிருக்க, மின்தடையாக்கியில் 3.3 வோல்ட் எஞ்சியிருக்கும். 50 வினாடியில் மின்தேக்கி 99 விழுக்காட்டைக் கடந்துவிடும். எந்தக் கணத்தில் கூட்டினாலும் இரண்டும் சேர்ந்து பேட்டரியின் மின்னழுத்தத்துக்குச் சமமாகும் என்பது 1845-இல் கிர்க்காஃப் வகுத்த விதி. அளவீடு சரிதானா என்று சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை.

கணக்கிட்ட நேரம் சற்றுப் பிசகினால் கலங்க வேண்டியதில்லை. மின்பகுபொருள் மின்தேக்கிகள் அச்சிட்ட மதிப்பிலிருந்து 20 விழுக்காடு வரை கூடியோ குறைந்தோ இருப்பது வழக்கம். ஆனால் 1 மெகா ஓம், 1 மைக்ரோஃபாரட் கொண்ட சுற்றில், எவ்வளவு காத்திருந்தாலும் மின்தேக்கியில் 8.2 வோல்ட்டே தெரியுமானால், குறை பெரும்பாலும் உறுப்பில் இல்லை. மீட்டரின் 10 மெகா ஓம் உள்தடை வழியே சிறு மின்னோட்டம் தொடர்ந்து ஓடுவதால், மின்தடையாக்கி தன் பங்கை விடாமல் பிடித்துக்கொள்கிறது. அளக்கும் கருவியும் சுற்றின் ஓர் உறுப்பே என்பதை இவ்வளவு வெளிப்படையாக உணர்த்தும் சோதனை அரிது.

பேட்டரியைக் கழற்றியதும் மின்தடையாக்கியின் மின்னழுத்தம் மறைந்துவிடும். மின்தேக்கியோ தான் சேர்த்ததை வைத்துக்கொண்டிருக்கும். 9 வோல்ட்டில் இது தீங்கற்றது. கேமரா ஃபிளாஷில் உள்ளதைப் போல 300 வோல்ட் அளவில் நிற்கும் மின்தேக்கியோ, மின்கலம் நீங்கிய பின்னும் கடும் அதிர்ச்சி தரும். எனவே, தகுந்த மின்தடையாக்கி வழியே மின்னிறக்கம் செய்து, மீட்டர் சுழியைக் காட்டிய பிறகே அதைத் தொடுவது ஒவ்வொருவரும் தொடக்கத்திலேயே பழகிக்கொள்ள வேண்டிய ஒழுங்கு.