விசைத்தெளிப்பான் மக்கர் செய்தால் முதலில் பிளக்கைப் பாருங்கள்

நெல்லில் புகையான் கண்டுவிட்டால் மருந்து தெளிப்பதை ஒத்திப்போட முடியாது. சில நாட்களிலேயே பயிர் வட்ட வட்டமாகக் காய்ந்துவிடும். அந்த நேரம் பார்த்து, முதுகில் சுமக்கும் பெட்ரோல் விசைத்தெளிப்பான் மக்கர் செய்தால் பலருடைய கை முதலில் போவது கார்புரேட்டர் திருகுக்குத்தான். கோளாறு வேறிடத்தில் இருக்க அதைத் திருகுவதால், சரியாக இருந்த அளவும் கெட்டுப்போவதே மிச்சம். முதலில் கழற்றிப் பார்க்க வேண்டியது ஸ்பார்க் பிளக். கோளாறு பொறியிலா, பெட்ரோலிலா என்பதை அதுவே காட்டிவிடும்.

எஞ்சின் ஓடவே மறுத்தால் பெட்ரோல் குழாயை மூடிவிட்டுப் பிளக்கைக் கழற்றவும். பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் வரவில்லை என்று கொள்ளலாம்; அல்லது சோக்கை மூடியபடி பலமுறை கயிறு இழுத்ததால் பெட்ரோல் நிரம்பியிருக்கலாம். பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோலே வந்து சேரவில்லை. நனைந்த பிளக்கைத் துடைத்து, அதன் துவாரம் திறந்திருக்க ஐந்தாறு முறை கயிற்றை இழுத்தால் உள்ளே தேங்கிய பெட்ரோல் வெளியேறிவிடும்.

பின்னர் பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, உலோகப் பகுதி எஞ்சின் உடம்பில் படும்படி வைத்துக் கயிற்றை இழுக்கவும். பிளக் துவாரத்தின் அருகிலோ, பெட்ரோல் சிந்திய இடத்திலோ இதைச் செய்யக் கூடாது, தீப்பிடிக்கும். நீலநிறப் பொறி பளிச்சென்று தெறித்தால் நல்லது. சிவந்து மெலிந்த பொறி என்றால் புதுப் பிளக் ஒன்றைப் போட்டுப் பார்க்கவும். அதிலும் அப்படியே என்றால் பிளக் வயரும் மேக்னெட்டோவும் மெக்கானிக் பார்க்க வேண்டியவை. பிளக் இடைவெளி பெரும்பாலான இயந்திரங்களில் 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் இருந்தால் அளந்துகொள்வது நலம்.

எஞ்சின் ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை என்றால் பிளக்கின் நிறத்தைப் பார்க்க வேண்டும். தெளிக்கும் வேகத்தில் சிறிது நேரம் ஓட்டி, அந்த வேகத்திலேயே நிறுத்தி, சூடு தணிந்ததும் கழற்றவும். மெதுவாக ஓடவிட்டு நிறுத்தினால் எந்தப் பிளக்கும் கறுத்துத்தான் தெரியும்.

முனை செங்கல் பொடி நிறமாகவோ வெளிர் பழுப்பாகவோ இருந்தால் குறையொன்றும் இல்லை. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. பெரும்பாலும் இதற்குக் காரணம் தூசி அடைத்த காற்று வடிகட்டிதான். பஞ்சு வடிகட்டியைச் சோப்பு நீரில் அலசி நன்கு உலர்த்திப் போட்டால் போதும். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் ஆயில் அதிகம். ஆயிலை மூடியால் குத்துமதிப்பாக ஊற்றும் பழக்கத்தை விட வேண்டும். கையேட்டில் 25க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 40 மி.லி.; 50க்கு 1 என்றால் 20 மி.லி.

முனை வெளுத்துச் சாம்பல் பூத்ததுபோல் இருந்தால்தான் ஆபத்து. பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போகிறது என்று பொருள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்கு வேண்டிய ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும். பிஸ்டன் பிடித்துக்கொண்டால் பிளக் விலையோடு போகாது. சிலிண்டரோடு சேர்த்து மாற்ற நேரிடும். ஆகவே வெள்ளைப் பிளக்கோடு 'இந்த ஒரு வயலை முடித்துவிடலாம்' என்று ஓட்டக் கூடாது.

இதை உறுதி செய்ய எளிய வழி உண்டு. ஓடும்போது சோக்கைச் சிறிது மூடிப் பார்க்கவும். இழுவை கூடினால் பெட்ரோல் போதவில்லை என்பது உறுதி. டாங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். சற்று நேரம் ஓடி நின்று, மூடியைத் திறந்ததும் மறுபடி ஓடினால் அடைப்பு அங்கேதான். அடுத்து கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்து கேஸ்கட். அது கிழிந்திருந்தால் அவ்வழியே காற்று புகும். கடைசியாக ஜெட். அதில் தூசி இருந்தால் சைக்கிள் பம்பால் ஊதவும். இரும்புக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். வாயால் ஊதுவது கூடவே கூடாது. பூச்சிமருந்து பட்ட இயந்திரம் அது.

திருகைத் தொட்டே ஆக வேண்டுமென்றால், முதலில் அது இறுகும்வரை மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொண்டு பழைய இடத்துக்கே கொண்டுவரவும். சில கார்புரேட்டரில் உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும், சிலவற்றில் குறையும். மேலும் அந்தத் திருகு மெதுவான ஓட்டத்துக்கானது. முழு வேகத்தில் இழுவை இல்லாததற்கு மெயின் ஜெட்டைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய இயந்திரம் வைத்திருப்போர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நாட்டில் விற்கும் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 2022இல் 10 சதத்தையும், 2025இல் 20 சத அளவையும் எட்டியது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதே ஜெட்டில் காற்றின் பங்கு சற்றுக் கூடிவிடும். எனவே பிளக் வெளுக்கிறதா என்று அடிக்கடி பார்ப்பது நல்லது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மழைக்காலத்தில் மாதக் கணக்கில் டாங்கில் கிடந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். ஆயில் மேலேயே நின்றுவிடும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவதோ அடியில் உள்ளதை. ஆகையால் அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்கவும். பருவம் முடிந்ததும் டாங்கை வடித்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டி கார்புரேட்டரையும் காலி செய்து, பிளக் துவாரத்தில் சில சொட்டு டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு முறை மெல்ல இழுத்துப் பிளக்கைப் பூட்டி வைக்கவும்.