சத்து மிஞ்சினால் கடலுக்கு மூச்சுத் திணறும்

தைப்பூசத்தில் நம் காவடிகள் புறப்படும் இடம் சுங்கை பத்து ஆற்றங்கரை. அந்த ஆறு கோம்பாக் ஆற்றில் சேர்கிறது. கோம்பாக் ஆறு, மஸ்ஜிட் ஜாமெக் அருகே கிள்ளான் ஆற்றோடு கலக்கிறது. ஏறக்குறைய 120 கிலோமீட்டர் நீளமுள்ள கிள்ளான் ஆறு, பிரிக்பீல்ட்ஸ் ஓரமாகவும் கிள்ளான் நகர் வழியாகவும் ஓடி மலாக்கா நீரிணையை அடைகிறது. ஆக, நம் கால்வாயில் விழுவது கடைசியில் கடலுக்குத்தான் போகிறது.

மிதக்கும் குப்பை கண்ணுக்குத் தெரியும். தண்ணீரில் கரைந்துபோகும் ஊட்டச்சத்து தெரியாது. “சத்துன்னா நல்லதுதானே?” என்று கேட்பீர்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு!

எங்கிருந்து வருகிறது?

நைட்ரஜன், பாஸ்பரஸ் இரண்டும்தான் முக்கியக் காரணம்.

1. கழிவுநீர்: சுத்திகரித்த பிறகும் இவை ஓரளவு தங்கிவிடும்.
2. உரம்: செம்பனை, காய்கறித் தோட்டங்களில் போட்டது மழையில் கரைந்து ஓடும்.
3. உணவுக்கழிவு: பழைய வீடுகள், கடைகள் பலவற்றில் பாத்திரம் கழுவிய தண்ணீர் நேரே சாலையோரக் கால்வாய்க்குப் போகிறது.

என்ன நடக்கும்?

உரம் போட்ட பயிர் மாதிரி நுண்பாசி பெருகும். அது செத்து அடியில் படிந்ததும் பாக்டீரியா அதை அழுகவைக்கும். அப்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துவிடும். மீனும் நண்டும் மூச்சுத் திணறும். சில பாசிகள் நஞ்சும் சுரக்கும். 2014 பிப்ரவரியில் ஜொகூர் நீரிணையின் மேற்குப் பகுதியில் நுண்பாசி பெருகி, கூண்டில் வளர்த்த மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. நம் கிள்ளானுக்கு எதிரே, கேத்தாம் தீவைச் சுற்றியும் மீன் கூண்டுகள் இருக்கின்றன. அங்கே பல குடும்பங்களின் பிழைப்பு அந்த நீரை நம்பித்தான்.

நாம் என்ன செய்யலாம்?

பால் சத்து நிறைந்தது. அதனாலேயே, கால்வாயில் ஊற்றிய பால், அதே அளவு வீட்டுக் கழிவுநீரைவிடப் பல நூறு மடங்கு ஆக்சிஜனை இழுத்துவிடும். அபிஷேகத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. பாலைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்துப் பிரசாதமாகக் கொடுக்கலாமே!

அன்னதானத்தில் மிஞ்சிய சோறு, குழம்பை முதலில் வழித்தெடுத்து உரக்குழியில் போடுங்கள். பிறகு பாத்திரம் கழுவுங்கள். பொரித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல் டின்னில் சேர்த்து, மறுசுழற்சிக்குக் கொடுங்கள்.

கலந்துரையாடுவோம்

1. உங்கள் கோயில் சமையலறைத் தண்ணீர் எங்கே போகிறது? நேரில் போய்ப் பாருங்கள்.
2. அடுத்த திருவிழாவில் இந்தப் பொறுப்பை யார் ஏற்பது? இன்றே முடிவு செய்யுங்கள்.